பஸ்ஸில் ஏறாதவளுக்கு

இன்று காலை சைக்கிளை விட்டு இறங்கியதும் குனிந்து பார்த்தேன். பேன்ட்டின் வலது காலில், கணுக்காலுக்குச் சற்று மேலே, சங்கிலி எண்ணெய் கறுப்பாக ஒட்டியிருந்தது. எழுபது வயதில் நான் பேன்ட் போட்டுக்கொண்டதே பெரிய சமாசாரம், அதில் கறை வேறு. உடனே என்ன செய்தேன் தெரியுமா? சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கறை தெரியாதபடி துணியை உள்பக்கமாக மடித்துவிட்டுக்கொண்டேன். உன் பெண் உள்ளே போய்விட்டாள், பார்ப்பதற்கு அங்கே வேறு ஒருவரும் இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் நாலைந்து வெள்ளை மாடுகள் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன, அவ்வளவுதான். மாட்டுக்குக்கூட வெட்கப்படுகிறவள் என்று நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

உன் பெண் வீட்டில் இருக்கிறேன். பிரான்ஸ் தேசத்தில், ரயில் நிற்கும் ஊரிலிருந்து காரில் வெகுதூரம் உள்ளே தள்ளி, ஒரு சின்னக் கிராமம். நீ போய் ஒரு வருஷம் முடிந்ததும் அவள்தான் டிக்கெட் எடுத்து அனுப்பினாள். "அம்மா எப்பவும் ஏதாவது பஹானா சொல்லி வராமலே இருந்துட்டா. நீங்களாவது வாங்கோ ஆன்ட்டி" என்றாள். தில்லியில் பிறந்து வளர்ந்த பெண் பேசும் தமிழ்தான், அங்கங்கே இந்தியும் இங்கிலீஷும் கலந்தது. ஆனால் அந்த 'வாங்கோ'வில் உன் குரல் அப்படியே இருந்தது. பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

வந்த மறுநாளே ஒரு பேட்டரி சைக்கிளை என் முன்னால் நிறுத்தினாள். லேசாக மிதித்தால் போதும், மேட்டில் அதுவே தள்ளிக்கொண்டு போகிறது. இந்த ஊர்ச் சாலைகளை நீ பார்த்திருக்க வேண்டும். ஒரு கார் போகும் அகலம்தான். இரண்டு பக்கமும் அறுப்புக்கு நிற்கும் கோதுமை, ஓரத்தில் சிவப்பாகக் காட்டுப் பூக்கள். எங்கோ புல் அறுத்துப் போட்டிருக்கிற வாசனை. ஓர் ஊர் முடியும் இடத்தில் அதன் பெயர்ப் பலகையில் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு போட்டிருக்கிறார்கள். அதைத் தாண்டினால் அடுத்த ஊர்ச் சர்ச் கோபுரம் தெரிகிறவரை ஓசையே கிடையாது. எப்போதாவது ஒரு டிராக்டர் வரும். ஓட்டுகிறவர் ஒரு விரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போவார். "இங்க ஹார்ன் சத்தமே கேக்காது ஆன்ட்டி. ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துலயே ஓட்டலாம்" என்றாள் உன் பெண். அப்படித்தான் தினமும் ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.

நீயும் நானும் அப்படி ஒருநாளும் ஓட்டியதில்லை. நமக்கு இருந்தது ஒரே சைக்கிள். ஒருத்தி ஓட்டினால் மற்றவள் பின்னால் ஓடி வரவேண்டும்.

எண்பதுகளின் தொடக்கம் அது. லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் உன் வீட்டு வாசலும் என் வீட்டு வாசலும் எதிரெதிரே. நான் அப்போதே பல வருஷங்களாக ஆபீஸ் போய்க்கொண்டிருந்தேன். நீ வீட்டில் இருந்தாய், கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு பரீட்சைக்குப் படித்தாய். உன் மாமியாருக்கு அது பிடிக்கவில்லை. "ஆத்துல என்ன கொறச்சல்னு இவ கிளம்பறா?" என்று என்னிடமே கேட்டிருக்கிறார். நீ பாஸ் செய்து, அமைச்சகத்தில் கிளார்க்காக ஆர்டர் வந்தபோது, அந்தக் காகிதத்தை சுவாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினாய். உங்கள் குடும்பத்தில் வெளி வேலைக்குப் போகிற முதல் பெண் நீ. குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு, முதல் நாள் கஞ்சி போட்ட காட்டன் புடவையில் நீ படியிறங்கினதை நான் எங்கள் ஜன்னலிலிருந்து பார்த்தேன். அத்தனை நிமிர்ந்து நீ நடந்து பார்த்ததில்லை.

இரண்டு மாதம்கூட ஆகியிருக்காது. ஜனவரி மாதம், தில்லிக் குளிர் பல்லைக் கிட்டவைக்கிற நேரம். சாயங்காலம் உன் வீட்டுக்கு வந்தேன், ஏதோ இரவல் கேட்க. நீ தலைக்குக் குளித்துவிட்டு ஈரத் தலையோடு நின்றாய். உதடு நீலம் பாரித்திருந்தது. நம் வீடுகளில் வேளைகெட்ட வேளையில் ஒருத்தி தலைக்குக் குளித்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். எனக்குத் திக்கென்றது.

"என்னடி? ஊர்லேர்ந்து தந்தி ஏதாவது வந்துதா? யாருடி?"

"யாரும் இல்லடி" என்றாய். என்னைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாய். "பஸ்ல ஒரு கை."

அதற்குமேல் நீ விவரம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்கு விவரம் வேண்டியிருக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த வருஷத்திலிருந்து எனக்குத் தெரிந்த கைதானே. ஒரே கை இல்லை, ஒரே முகம் இல்லை, ஆனால் அதே கைதான். நான் என் வளையலில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றி உன்னிடம் நீட்டினேன்.

"ஏறினதுமே இதைத் தெறந்து விரலுக்கு நடுவுல வெச்சுக்கோ. கிட்ட வந்தா ஒரே குத்து. சத்தம் போடாதே, எல்லாரும் நம்மளைத்தான் பாப்பா."

சுண்டல் செய்முறை சொல்கிற மாதிரி சொன்னேன், இப்போது நினைத்தால் காது சுடுகிறது. நீ ஊக்கை வாங்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாய்.

"நீயுமா?"

"ம்."

"எங்கிட்ட சொல்லவே இல்லையேடி."

"இதையெல்லாம் எப்படிடி சொல்றது?"

நீ தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாய்: "தினம் குளிக்கறேன். பச்சைத் தண்ணில. போகவே மாட்டேங்கறது. இவர்கிட்ட சொல்ல முடியலை. சொன்னா வேலையை விடுன்னுவார். சொல்லாட்டா நானே விட்டுடுவேன் போல இருக்கு. அவனுக்கு வெக்கமே இல்லடி. நேக்குத்தான் மானம் போறது."

வேலையை விடாமல் இருக்க வேண்டுமென்றால் பஸ்ஸில் ஏறக்கூடாது. ஏறாமல் எப்படிப் போவது? ஆட்டோ நம் வருமானத்துக்கு நடக்காத காரியம். நடந்து போகிற தூரமும் இல்லை. நான்தான் வேடிக்கையாகச் சொன்னேன், "உங்காத்துக்காரர் மாதிரி சைக்கிள்ல போ." காலை ஒன்பது மணிக்கு லக்ஷ்மிபாய் நகரிலிருந்தும் மோதி பாக்கிலிருந்தும் நம் குமாஸ்தாக்கள் டிபன் டப்பாவைக் கேரியரில் கட்டிக்கொண்டு சைக்கிள் சைக்கிளாகக் கிளம்புவார்களே, அந்தக் கூட்டத்தில் புடவை கட்டிய ஒருத்தியை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. அதனால்தான் சொன்னேன். நீ சிரிக்கவில்லை.

மறுநாளே கீழ் வீட்டுப் பஞ்சாபி அம்மாளிடம் போய் நின்றாய். கல்யாணமாகிப் போன அவர் பெண்ணின் சைக்கிள் மாடிப்படிக்கு அடியில் தூசி மூடிக் கிடந்தது. "லே ஜா பேட்டி, எடுத்துக்கொண்டு போ மகளே, பிறகு திருப்பித் தந்தால் போதும்" என்று இந்தியில் சொல்லிவிட்டார். எதற்கு என்றுகூட அவர் கேட்கவில்லை. நம்மவர்களாக இருந்தால் ஏழு தலைமுறை விசாரித்திருப்பார்கள்.

எங்கே கற்றுக்கொள்வது என்பதில் நமக்குச் சந்தேகமே இல்லை. ஒரு மனிதர் கண்ணிலும் படாத இடமாக இருக்கவேண்டும். தூதரகங்கள் வரிசையாக இருக்கும் அந்த அகலச் சாலை, விடிவதற்கு முன்னால். பால் பூத்துக்குப் போகிறோம் என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவோம். நான் குரங்குக் குல்லாய், ஸ்வெட்டர், சாக்ஸுக்கு மேல் ரப்பர் செருப்பு. அந்தக் கோலத்தில் உன் கேரியரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க ஓடி வந்தேன். மூடுபனியில் விளக்குக் கம்பங்கள் பாதிதான் தெரியும். ஒரு வண்டி கிடையாது, ஒரு சத்தம் கிடையாது. நீ மிதிக்கிற சங்கிலியின் கிறீச்சும் என் செருப்புச் சத்தமும்தான். தில்லி அத்தனை அழகாக இருந்து நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அந்த அழகைக்கூட நாம் திருட்டுத்தனமாகத்தான் அனுபவித்தோம்.

கேரியரை நான் விட்டுவிட்ட பிறகு நீ முதல் தடவை தனியாகப் பனிக்குள் போய் மறைந்தாய். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "இருக்கியாடி?" என்று உள்ளிருந்து உன் குரல். "இருக்கேன்" என்று நான். திரும்பி வந்து தடாலென்று இறங்கி நின்றாய். சந்தோஷத்தில் கட்டிக்கொள்ளப் போகிறாய் என்று நினைத்தேன். நீ கேட்டது, "யாராவது பாத்தாளா?"

பார்த்தவன் ஒருவன் உண்டு. ஒரு தூதரகத்தின் வாசலில் சர்தார்ஜி காவலாளி ஒருவன் கணப்புச் சட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பான். நாம் வருவதைக் கண்டதும் எழுந்து மதில் பக்கமாகத் திரும்பி நின்றுகொள்வான். நாம் கடந்து போகிறவரை திரும்பமாட்டான். முதலில் நமக்குப் புரியவில்லை, அவனுக்கு நம்மைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்று நினைத்தோம். நாம் கூச்சப்படாமல் இருக்கவேண்டும் என்றுதான் அவன் அப்படி நின்றான். நீ நன்றாக ஓட்டப் பழகின பிறகு ஒருநாள் அவன் முதுகைப் பார்த்து, "அப் தேக் லோ, பையா. ஆ கயா!" என்று கத்தினாய். இப்போது பார்த்துக்கொள் அண்ணா, கற்றுக்கொண்டுவிட்டேன் என்று. அவன் திரும்பிப் பார்த்து, தாடி முழுக்கச் சிரித்துக் கைதட்டினான். அன்றைக்கு நீ வீடு வரைக்கும் அழுதுகொண்டே வந்தாய். ஏன் என்று நான் கேட்கவில்லை. எனக்கும் அழுகை வந்தது.

புடவைதான் பெரிய தொல்லை. ஆறு கஜத்துத் தலைப்பும் கொசுவமும் மாறி மாறிச் சங்கிலியில் சிக்கின. இரண்டு தடவை முட்டி பெயர விழுந்தாய். சல்வார் கமீஸ் போட்டுக்கொள்ளலாமே என்று இன்றைக்கு யாரும் கேட்பார்கள். கல்யாணமாகிக் குழந்தை பெற்ற நம் வீட்டுப் பெண் அந்த நாளில் 'பஞ்சாபி டிரெஸ்' போட்டால் அது சைக்கிளைவிடப் பெரிய கூத்து. அப்போதுதான் உனக்கு அந்த யோசனை வந்தது. ஒருநாள் கதவைத் திறந்தால், பண்டிகைக்கும் திவசத்துக்கும் மட்டும் கட்டுகிற ஒன்பது கஜத்தை மடிசாராகக் கட்டிக்கொண்டு நிற்கிறாய். கால் இரண்டும் தனித்தனியாகப் பிரிந்து, கச்சம் இழுத்துச் செருகி, தொங்குகிற நுனி ஒன்றுகூட இல்லை. "பாரு, நம்ம பாட்டிகளெல்லாம் சைக்கிள் ஓட்டறதுக்குன்னே கண்டுபிடிச்சு வெச்சிருக்கா" என்றாய். அன்றைக்கு நீ ஓட்டின வேகத்துக்கு நான் பின்னால் ஓடுவதையே விட்டுவிட்டேன்.

அதிலிருந்துதான் வந்தது வினை. மேல் வீட்டு மாமி பார்த்துவிட்டார். நம் குவார்ட்டர்ஸில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பதுவரை அவருக்குத் தெரிந்தாக வேண்டும். விடியற்காலையில் நீ மடிசாரோடு படியேறி வருவதைக் கண்டதும் வழிமறித்தார்.

"என்னடி கொழந்தே, இந்தக் குளிர்ல மடிசாரும் அதுவுமா? ஆத்துல ஏதாவது விசேஷமா?"

நீ திருதிருவென்று விழித்தாய். சைக்கிள் என்று சொல்ல வாய் வரவில்லை. "வேண்டுதல் மாமி. மலைக் கோயிலுக்கு. ஒரு மண்டலம்."

"என்ன வேண்டுதல்?"

"வெளில சொல்லப்படாது மாமி."

மாமி கண்ணில் தண்ணீர் தளும்பியது. அவருக்குப் புரிந்துவிட்டதாம். முதலாவது பெண், இரண்டாவது பிள்ளையாகப் பிறக்க வேண்டும் என்றுதான் இவள் முருகனை நோக்கிக் கிளம்பியிருக்கிறாள். அன்று மத்தியானத்துக்குள் குவார்ட்டர்ஸ் முழுக்கத் தெரிந்துவிட்டது. சாயங்காலம் உன் மாமியாருக்கும். வேலைக்குப் போகிறாள் என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த மனுஷி, மறுநாளிலிருந்து தானே எழுந்து உனக்கு வெந்நீர் போட்டுக் கொடுத்தார். தேங்காய், எண்ணெய், எலுமிச்சம்பழம் என்று வீட்டுக்கு வீடு உன் கையில் கொடுத்துவிட ஆரம்பித்தார்கள். ஒருத்தி தன் பெண்ணுக்கு வரன் அமைய, ஒருத்தி வீட்டுக்காரருக்கு மாற்றல் வராமல் இருக்க. வேறு வழியில்லாமல் நாம் நிஜமாகவே ராமகிருஷ்ணபுரத்து மலைக் கோயிலுக்குப் போகவேண்டியதாகிவிட்டது. மோதி பாக் தாண்டி அந்த மேட்டில் நீ தேங்காய்ப் பையோடு சைக்கிளை மிதித்து ஏறினதில்தான் உனக்குக் கால் பலமே வந்தது. நான் வாரத்துக்கு ஒருநாள் பின்னால் கேரியரில் உட்கார்ந்து வருவேன்.

சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் சந்நிதியில் நின்றால் நீ கண்ணைத் திறக்கமாட்டாய். "அந்தம்மா வெந்நீர் போட்டுத் தராடி. நான் கொடுமைக்காரிடி" என்பாய், உன் மாமியாரைப் பற்றி. அவர் நம்பிய பேரன் பிறக்கவே இல்லை. அடுத்த சில வருஷம் அவர் கண் உன் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்ததும், நீ அந்தப் பார்வைக்கு எதிரே குறுகிப் போனதும் எனக்குத் தெரியும். தப்பு செய்தவன் பஸ்ஸில் நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தான். நீயோ ஒரு வெட்கத்தை மறைக்க இன்னொன்று, அதை மறைக்க இன்னொன்று என்று அடுக்கிக்கொண்டே போனாய்.

அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு பஸ்ஸில்தான் ஆபீஸ் போய்வந்தாய். மண்டலம் முடிந்த மறுநாள், திங்கட்கிழமை. காலை ஒன்பது மணி, பட்டப்பகல். நீ மடிசாரில் படியிறங்கி வந்தாய். கேரியரில் டிபன் டப்பா. ஆண்கள் எல்லாம் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்புகிற நேரம், பால்கனி தோறும் தலைகள். உன் வீட்டுக்காரர் பாவம், விஷயம் தெரிந்து ஐந்து நிமிஷம் முன்னதாகவே நழுவிவிட்டார். உன் மாமியார் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் வாயடைத்து நின்றார். மேல் வீட்டு மாமிதான் கூப்பிட்டார்.

"வேண்டுதல்தான் முடிஞ்சாச்சே. இப்ப எங்கேடி?"

"ஆபீஸுக்கு மாமி."

"சைக்கிள்லயா? இத்தனை ஆம்பிளைகளுக்கு நடுவுலயா? வெக்கமா இல்லையாடி நோக்கு?"

நீ நின்று மேலே பார்த்தாய். முகம் ரத்தமாகச் சிவந்திருந்தது. நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

"இருக்கு மாமி. ரொம்ப வெக்கமா இருக்கு. அதான் பஸ்ல போகலை."

ஒரு நிமிஷம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு யாரோ சிரித்தார்கள். மாமியே சிரித்துவிட்டார். "போடி பைத்தியம்" என்றார். எல்லா பால்கனியும் சிரித்தது. நீ ஏறி உட்கார்ந்து மிதித்துக்கொண்டு போய்விட்டாய். அர்த்தம் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஊக்கை வளையலில் கோத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குக் கிளம்பினேன். பஸ் வருகிறவரை நானும் சிரித்துக்கொண்டுதான் நின்றேன்.

நீ ரிடையராகிறவரை அந்த வேலையில் இருந்தாய். மடிசாரைப் பார்த்துவிட்டு உன் ஆபீஸில் உத்தரப் பிரதேசத்துக் கிளார்க்குகள் உன்னை 'மாதாஜி' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். இருபத்தெட்டு வயதில் மாதாஜி! பிற்பாடு காலம் மாறி நீயும் சல்வாருக்கு மாறினாய், சைக்கிள் மட்டும் மாறவில்லை. 'அதான் பஸ்ல போகலை' நம் குவார்ட்டர்ஸில் ஒரு பிரசித்தமான ஜோக் ஆகிவிட்டது. அதைச் சொல்வதில் நான்தான் கெட்டிக்காரி. மாமி மாதிரி இடுப்பில் கைவைத்து, குரலை இழுத்து நடித்துக் காட்டுவேன். நவராத்திரிக் கொலுவில் சொல்லியிருக்கிறேன், உன் பெண் கல்யாணத்தில் சொல்லியிருக்கிறேன். பிற்பாடு நீ குடிபோன மயூர் விஹார் வீட்டில் உன் பதின்மூன்றாம் நாளன்றுகூட எல்லோரும் கேட்டார்கள் என்று சொல்லிச் சிரிக்க வைத்தேன். நீ இருந்தபோது அருகிலேயே உட்கார்ந்து கேட்டு, நீயும் சிரிப்பாய். நம் இரண்டு பேர் கண்ணும் ஒருதடவை சந்தித்துவிட்டு விலகிக்கொள்ளும். அதோடு சரி.

இன்று காலை, அந்தக் கோதுமை வயல்களுக்கு நடுவே, உன் பெண் என் பக்கத்தில் ஓட்டிக்கொண்டே, "ஆன்ட்டி, அந்த மாமி ஜோக்கை ஒரு தடவை சொல்லுங்கோளேன். அம்மா ஞாபகமா இருக்கு" என்றாள். ஆரம்பித்தேன். ஆனால் சைக்கிள் ஓட்டுகிறபோது இடுப்பில் கை வைக்க முடியாது. முகத்தைக் கோணி நடிக்கவும் முடியாது, கண் சாலையில் இருக்கவேண்டும். அவளும் என்னைப் பார்க்கவில்லை, நானும் அவளைப் பார்க்கவில்லை. கதையை வெறும் வார்த்தையாகத்தான் சொல்ல வேண்டியிருந்தது. கடைசி வரியைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"எனக்கு அது புரிஞ்சதே இல்ல ஆன்ட்டி. சின்ன வயசிலேர்ந்து எல்லாரும் சிரிக்கறாளேன்னு நானும் சிரிப்பேன். வெக்கமா இருந்தா பஸ்லதானே போவா? கூட்டத்தோட கூட்டமா போயிடலாமே. சைக்கிள்ல போனாதானே எல்லாரும் பாப்பா?"

நாற்பது வருஷத்தில் இதை ஒருவர்கூடக் கேட்டதில்லை. எனக்குக் கழுத்திலிருந்து காதுவரை சூடு ஏறியது. நிறுத்தி இறங்கியிருந்தால் நான் சொல்லியிருக்கமாட்டேன், சத்தியமாக. எதிரே உட்கார்ந்து கேட்டிருந்தாலும் மாட்டேன். முன்னால் சாலை காலியாகக் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். ஈரத் தலையோடு நீ நின்றதை, ஒரு கை என்று நீ சொன்னதை, ஊக்கை, என்னுடைய வருஷங்களை. உன் ரகசியத்தை உன் பெண்ணிடம் போட்டு உடைக்கிறேனே என்று கூசிக் கூசித்தான் சொன்னேன்.

அவள் மிதித்துக்கொண்டே வந்தாள். ஓர் ஊர் வந்தது, சாத்திய ஜன்னல்கள், ஒரு சர்ச், முடிந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் பேசினாள்.

"எனக்கும் ஆன்ட்டி. காலேஜ் ஃபர்ஸ்ட் இயர். அதே ரூட்தான்."

கண்ணைச் சாலையிலேயே வைத்துக்கொண்டு மிதித்தேன்.

"அம்மாகிட்ட சொல்லலை. அம்மா எப்பவும் ஜாலியா சைக்கிள்ல போறவ, அவளுக்கு பஸ்ஸைப் பத்தி என்ன தெரியும்னு நெனச்சேன். எனக்கு மட்டும்தான் இப்படி ஆறதுன்னு நெனச்சேன். ஒருநாள் கிட்டத்தட்ட சொல்லிட்டேன். சாப்பிடாம படுத்துண்டிருந்தேன். என்னடின்னு அம்மா கேட்டா. தலைவலின்னேன். தைலம் எடுத்துண்டு வந்து தடவினா. ரொம்ப நேரம் தடவிண்டே இருந்தா."

பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. வீடு வந்ததும் காபி கலந்து கொடுத்தாள். இப்போது கீழே யாருடனோ போனில் பிரெஞ்சில் பேசிக்கொண்டிருக்கிறாள், சாதாரணமாகத்தான் இருக்கிறாள். எனக்குத்தான் அவள் எதிரே போய் நிற்க முடியவில்லை. மாடியில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். நாம் அதை ஜோக்காக்கினோம், அந்தக் குழந்தை நம்பிவிட்டது. எத்தனை கொலுவில் என் முன்னால் உட்கார்ந்து அவள் சிரித்திருப்பாள், அன்று காலையோ மாலையோ பஸ்ஸில் வந்தவளாக! அத்தனை பெண்கள் இருந்த கூடத்தில், தனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருக்கிறாள். அங்கே இருந்த மற்றவர்களில் எத்தனை பேர் அப்படி உட்கார்ந்திருந்தார்களோ, அதுவும் எனக்குத் தெரியாது. வெட்கமாக இருக்கிறது. இந்த வயதில் இவ்வளவு வெட்கம் தாங்காது போலிருக்கிறது.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கவேண்டும். இனி கேட்க வழியில்லை, அதனால் இதை நான் சுமந்துகொண்டுதான் இருக்கவேண்டும். அன்று அவள் தலைவலி என்று சொன்னபோது, எழுந்து போய்த் தைலத்தை எடுத்துவந்து, ரொம்ப நேரம் தடவிக்கொண்டிருந்தாயே, வலி நெற்றியில் இல்லை என்று தெரிந்துதானா?